சீட்டுக்கட்டை ஆவணத்துக்குள் கொண்டுவருதல்: குறியிலிருந்து முழுச் சீட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் படிப்பகத்துக்காக 28 என்ற சீட்டாட்டத்தைக் கற்றுத்தரும் 32 பக்கக் கையேடு ஒன்றைத் தயாரித்தேன். அதற்குப் பிறகு அதே வேலையை இரண்டு இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். நான் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறினார்கள். சீட்டின் படத்தை ஆவணத்தில் ஒட்டுவது யாருக்கும் சிரமமில்லை. நூற்றைம்பது இடங்களில் வரும் சீட்டுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நிறத்தையோ அளவையோ மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றி முடிக்க வேண்டும். வேலையின் வரிசை பிசகினால் இந்த இரண்டும் கைகூடாது. ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

நான் பயன்படுத்தியது லிப்ரே ஆபீஸ். கையேட்டின் உரைக்கு அதிலுள்ள ரைட்டர், முழுச் சீட்டுகளுக்கு அதிலுள்ள டிரா. இரண்டும் இலவசம், இரண்டுமே தமிழை ஒழுங்காகக் காட்டுகின்றன.

1. கணினியைத் தொடுமுன் தீர்மானிக்க வேண்டியவை

முதல் கேள்வி: இது வண்ணத்தில் அச்சாகுமா, ஜெராக்ஸில் நகலெடுக்கப்படுமா? இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வேலை இரட்டிப்பாகும். என் முதல் படியைப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் கருப்பு வெள்ளையில் நகலெடுத்துப் படிப்பகத்தில் கொடுத்தேன். ஒரு பெரியவர் பக்கத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, "தம்பி, இது ஆட்டின் ஒன்பதா, இஸ்பேட் ஒன்பதா?" என்று கேட்டார். திரையில் பளிச்சென்று இருந்த சிவப்பு, தாளில் அடர் சாம்பலாகிவிட்டது. பத்துப் புள்ளி எழுத்தளவில் அந்தச் சாம்பலுக்கும் கருப்புக்கும் அவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கருப்பு வெள்ளைதான் என்றால் ஆட்டினுக்கும் டைமனுக்கும் உள்ளே வெறுமையாக, கோடு மட்டும் உள்ள குறிகளை (♡ ♢) வையுங்கள். இஸ்பேட்டும் கிளாவரும் நிரப்பிய குறிகளாகவே (♠ ♣) இருக்கட்டும். அப்போது நிறம் போனாலும் சீட்டு இந்த நான்கில் எந்த இனம் என்று தெரியும்.

வண்ணம் என்றால் இரண்டு நிறமா, நான்கு நிறமா என்று முடிவு செய்யுங்கள். நான்கு நிறக் கட்டில் இஸ்பேட் கருப்பு, ஆட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை என்று வைப்பது வழக்கம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான்கு நிறம் உதவும் என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் கையில் பிடிக்கப்போகும் கட்டு இரண்டு நிறத்தில்தான் இருக்கும். அதனால் கையேட்டை இரண்டு நிறத்திலேயே வைத்தேன்.

இரண்டாவது கேள்வி, சீட்டின் மதிப்பை எப்படி எழுதுவது என்பது. தமிழில் முதலெழுத்து வைக்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் முதலெழுத்து 'ரா'தான் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் உறைக்கிறது. நான் வைத்துக்கொண்ட விதி இது: விளக்க வாக்கியங்களில் 'இஸ்பேட் ஜாக்கி', 'கிளாவர் ராணி' என்று முழுப் பெயர், படங்களிலும் ஒருவர் கையிலுள்ள சீட்டுகளைக் காட்டும் இடங்களிலும் சீட்டில் அச்சாகியிருக்கும் ஆங்கில எழுத்து. படிப்பவர் பக்கத்தையும் கையிலுள்ள சீட்டையும் மாறி மாறிப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இந்தக் கட்டுரையில் அந்த எழுத்துகளை ஏ, கே, கியூ, ஜே என்றே எழுதுகிறேன்.

மூன்றாவது, சீட்டு எந்தெந்த அளவுகளில் வரும் என்பது. மூன்று போதும்: வரிக்குள் வரும் குறி, தனியாக நிற்கும் சிறு பெட்டி, வெட்டி எடுத்து ஆடும் முழு அளவு. நான்காவது அளவு தேவை என்று தோன்றினால் இந்த மூன்றில் ஒன்றைக் கொண்டு சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அளவுகள் கூடினால் பக்கம் சிதறித் தெரியும்.

2. எழுத்துருவை முடிவு செய்தல்

சீட்டின் நான்கு இனக் குறிகளும் யூனிகோடில் சாதாரண எழுத்துகள். படம் எதுவும் தேவையில்லை. ஆனால் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இந்தக் குறிகள் கிடையாது. இல்லாத குறியைக் கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்து நிரப்பும். உங்கள் கணினியில் ஒன்றை எடுக்கும், அச்சகத்தின் கணினியில் இன்னொன்றை எடுக்கும். குறி பெரிதாகும், வரி உயரம் மாறும், 32 பக்கம் 33 ஆகும்.

ஆகவே குறிகளுக்கென்று ஓர் எழுத்துருவை நீங்களே பெயர் சொல்லி ஒதுக்குங்கள். டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் இந்தக் குறிகள் எல்லாம் இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் சிம்பல்ஸ் 2 எழுத்துருவும் பொருந்தும். இரண்டில் ஒன்றை எடுங்கள், கலக்காதீர்கள். ஒன்றின் ஆட்டினும் மற்றதின் டைமனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வேறு வேறு கட்டிலிருந்து வந்த சீட்டுகள் போல இருக்கும்.

இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் ஒரு பாணிக்கு (ஸ்டைல், அதாவது எழுத்துரு, அளவு, நிறம் முதலியவற்றை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் அமைப்பு) எழுத்துரு ஒன்றல்ல. ஆங்கிலம் போன்ற மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துகளுக்கு இன்னொன்று. அமைப்பைப் பொறுத்து ஆசிய எழுத்துகளுக்கு மூன்றாவதாகவும் ஒன்று. இனக் குறி எந்த மொழிக்கும் உரியதல்ல என்பதால், பக்கத்தில் நிற்கும் எழுத்தின் சார்பை எடுத்துக்கொள்ளக்கூடும். தமிழ்ச் சொல்லை ஒட்டிவரும் குறி ஒரு மாதிரியும் எண்ணை ஒட்டிவரும் குறி இன்னொரு மாதிரியும் தெரிந்தால் காரணம் இதுதான். பாணியை அமைக்கும்போது எல்லாப் பகுதிகளிலும் அதே எழுத்துருவையும் அதே அளவையும் கொடுத்தால் தீர்ந்தது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு நாட்கள் வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. குறிகளை உள்ளிடுதல்

நிரப்பிய குறிகளின் யூனிகோடு எண்கள்: இஸ்பேட் 2660, கிளாவர் 2663, ஆட்டின் 2665, டைமன் 2666. கோடு மட்டும் உள்ள ஆட்டின் 2661, டைமன் 2662. எண்ணைத் தட்டிவிட்டு ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தினால் எண் குறியாக மாறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மதிப்பை முதலில் எழுதிக் குறியைப் பின்னால் சேர்க்க நினைத்து, 10 என்று தட்டிய உடனே இடைவெளி விடாமல் 2660 என்று தட்டி மாற்றினால், கணினி அதை 102660 என்ற ஒரே எண்ணாகப் படிக்கும். இஸ்பேட்டுக்குப் பதில் வெற்றுக் கட்டம்தான் வரும். இந்த எண் முறையில் ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் எண்களாகக் கணக்காவதால் ஏஸுக்குப் பின்னாலும் இதே கதை நடக்கும். ராஜாவுக்கும் ராணிக்கும் ஜாக்கிக்கும் நடக்காது. அதனால்தான் "சில சீட்டு மட்டும் வரமாட்டேன் என்கிறது" என்று புதியவர்கள் குழம்புகிறார்கள். குறியை முதலிலும் மதிப்பைப் பின்னாலும் எழுதும் வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ♠10, ♥9. படிக்கவும் அது எளிது, ஏனென்றால் ஆட்டத்தில் முதலில் பார்ப்பது இனத்தைத்தான்.

ஒவ்வொரு முறையும் எண் தட்டுவது நெடுங்காலத்துக்குச் சரிவராது. டூல்ஸ் பட்டியலில் ஆட்டோகரெக்ட் அமைப்பைத் திறந்து மாற்று அட்டவணையில் நான்கு வரிகளைச் சேருங்கள். நான் வைத்திருப்பவை :இ: :ஆ: :டை: :கி: என்பவை. இருபுறமும் முக்காற்புள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரணச் சுருக்கம் அடுத்து இடைவெளி விட்ட பிறகுதான் மாறும்; இப்படி அடைத்த சுருக்கம் இரண்டாவது முக்காற்புள்ளியைத் தட்டியதுமே மாறிவிடும். மதிப்பை ஒட்டி எழுத இதுதான் வசதி.

அந்த அட்டவணை மொழிக்கு மொழி தனித்தனியாக இருக்கிறது. மேலே மொழிப் பெட்டியில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான பிரிவைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள். ஆங்கிலத்தின் கீழ் சேர்த்துவிட்டுத் தமிழ்ப் பத்தியில் வேலை செய்யவில்லை என்று தேடுவது வழக்கமான தவறு.

யூனிகோடில் முழுச் சீட்டுகளுக்கும் தனி எழுத்துகள் உண்டு. 2010இல் வந்த 6.0 பதிப்பில் சேர்ந்தவை. பார்த்ததும் ஆசை வரும், ஆனால் கையேட்டுக்கு ஒத்துவராது. 11 புள்ளி அளவில் சீட்டுக்குள் இருக்கும் குறி எறும்பளவு ஆகிவிடும். ஓரத்துக்கு ஒரு நிறம், குறிக்கு ஒரு நிறம் என்று கொடுக்கவும் வழியில்லை. இன்னொன்று, அந்த வரிசையில் ஜாக்கிக்கும் ராணிக்கும் நடுவே குதிரைவீரன் என்று ஒரு சீட்டு இருக்கிறது. ஐரோப்பாவின் சில பழைய கட்டுகளில் வரும் சீட்டு, நம் கட்டில் இல்லாதது. வரிசையாக எண்ணிக்கொண்டே போனவர்கள் ராணி என்று நினைத்துக் குதிரைவீரனை வைத்துவிடுகிறார்கள். அந்த அளவில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

4. பாணிகளைக் கட்டுதல்

எஃப் 11 விசையை அழுத்தினால் பாணிகளின் பட்டியல் திறக்கும். அதில் எழுத்துப் பாணி என்ற வகையில் 'சீட்டு' என்று ஒரு தாய்ப் பாணி உருவாக்குங்கள். எழுத்துரு, அளவு இரண்டையும் இதில் மட்டும் வையுங்கள். உரை 11 புள்ளி என்றால் குறிக்கு 10 போதும், ஏனென்றால் இந்தக் குறிகள் தமிழ் எழுத்துகளைவிடத் தடிமனாகத் தெரியும்.

பிறகு 'சீட்டு இஸ்பேட்', 'சீட்டு ஆட்டின்', 'சீட்டு டைமன்', 'சீட்டு கிளாவர்' என்று நான்கு பிள்ளைப் பாணிகள். நான்கும் தாய்ப் பாணியிலிருந்து பெறுவதாக அமைத்துவிட்டு, நிறத்தை மட்டும் மாற்றுங்கள். வேறு எதையும் பிள்ளைப் பாணியில் தொடாதீர்கள். தொட்டால் அந்த அம்சத்தில் தாயுடனான தொடர்பு அறுந்துவிடும். நாளை தாயில் அளவை மாற்றினால் மூன்று இனம் மாறி ஒன்று மட்டும் பழைய அளவிலேயே நிற்கும்.

இரண்டு நிறக் கட்டு என்றாலும் நான்கு பாணி வேண்டும். கருப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று போதுமே என்று தோன்றும். நாளைக்கு யாராவது நான்கு நிறத்தில் கேட்டால், இரண்டு பாணியில் கட்டிய ஆவணத்தில் ஒவ்வொரு டைமனையும் தேடிப் போக வேண்டியிருக்கும்.

சட்டப் பாணி (பிரேம் ஸ்டைல்) என்ற வகையில் 'சீட்டுப் பெட்டி' என்று ஒன்றை இப்போதே உருவாக்கி வையுங்கள். அதை ஆறாவது படியில் பயன்படுத்துவோம்.

5. வரிக்குள் வரும் சீட்டு

இங்கேதான் வரிசை மிகவும் முக்கியம். முழு உரையையும் முதலில் வெறும் குறிகளோடு தட்டி முடியுங்கள். தட்டும்போதே ஒவ்வொரு குறியாகத் தேர்ந்தெடுத்து நிறம் கொடுத்துக்கொண்டே போகாதீர்கள். கையால் நிறம் கொடுத்த குறி எந்தப் பாணிக்கும் கட்டுப்படாது. அது அப்படி இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

உரை முடிந்ததும் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து ♥ குறியைத் தேடச் சொல்லி, அனைத்தையும் கண்டுபிடி என்பதை அழுத்துங்கள். ஆவணத்தில் உள்ள எல்லா ஆட்டின் குறிகளும் ஒரே நேரத்தில் தேர்வாகும். அப்படியே பாணிப் பட்டியலில் 'சீட்டு ஆட்டின்' மீது இரட்டைச் சொடுக்கு. நான்கு இனத்துக்கும் நான்கு முறை செய்தால் வேலை முடிந்தது. என் கையேட்டில் இதற்கு இரண்டு நிமிடம் ஆனது. ஒவ்வொன்றாக நிறம் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர் மூன்றாம் நாளும் முடிக்கவில்லை.

யாராவது ஏற்கெனவே கையால் நிறம் கொடுத்திருந்தால், அதே போலத் தேடித் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையுடன் எம் விசையை அழுத்தி நேரடி வடிவமைப்பைத் துடைத்துவிட்டுப் பிறகு பாணியைக் கொடுங்கள்.

குறி ஒரு வரியின் முடிவிலும் மதிப்பு அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழுந்தால் படிப்பவர் தடுமாறுவார். ஒட்டி எழுதினால் பெரும்பாலும் பிரியாது. பிரியும் இடங்களில் நடுவே 2060 என்ற எண்ணைக் குறியாக மாற்றி வையுங்கள். அது கண்ணுக்குத் தெரியாத, அகலமில்லாத ஓர் இணைப்பு. முன்னால் வேறு எண் இல்லாத இடத்தில் தட்ட வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

உரைப் பத்திகளின் வரி இடைவெளியை நிலையான அளவாக வையுங்கள். 11 புள்ளித் தமிழுக்கு 16 புள்ளி சரியாக இருக்கும். அப்போது குறி உள்ள வரியும் இல்லாத வரியும் ஒரே உயரத்தில் நிற்கும்.

6. சிறு பெட்டிச் சீட்டு

சீட்டின் வழக்கமான அளவு அகலம் 63 மில்லிமீட்டர், உயரம் 88. இந்த விகிதத்தைச் சிறிய அளவிலும் காப்பாற்றினால்தான் கட்டம் சீட்டாகத் தெரியும். 10க்கு 14 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட அதே விகிதம், மனத்தில் நிற்பதும் எளிது. இரட்டித்தால் 20க்கு 28. நான் இந்த இரண்டையும்தான் பயன்படுத்துகிறேன்.

உரைச் சட்டம் ஒன்றை நுழைத்து, 'சீட்டுப் பெட்டி' பாணியைக் கொடுங்கள். அந்தப் பாணியில் மெல்லிய ஓரக்கோடு, உள்விளிம்பு 1 மில்லிமீட்டர், தானாக வளரும் அளவு அணைக்கப்பட்டது என்று அமையுங்கள். தானாக வளர்வதை அணைக்க மறந்தால் 10 என்ற சீட்டின் பெட்டி மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும்.

சட்டம் எதோடு ஒட்டி நகரும் என்பதைத் தீர்மானிக்கும் நங்கூரத்தை (ஆங்கர்) எழுத்தாக வையுங்கள். பத்தியோடு நங்கூரமிட்டால், மேலே ஒரு வரி சேர்த்ததும் சீட்டு எங்கோ மிதந்து போய்விடும். எழுத்தாக வைத்தால் அது சொல்லோடு சொல்லாக நகரும்.

முந்தைய படியில் சொன்ன நிலையான வரி இடைவெளி இங்கே எதிரியாகும். 16 புள்ளி வரிக்குள் 14 மில்லிமீட்டர் உயரப் பெட்டி வந்தால் மேல்வரியின் மீது ஏறி உட்காரும். அதனால் பெட்டிச் சீட்டுகள் வரும் வரிகளுக்கென்று 'சீட்டு வரிசை' என்று தனிப் பத்திப் பாணி அமைத்து, அதில் வரி இடைவெளியை ஒற்றை என்று வையுங்கள். ஆவணத்தில் பாதி இடத்தில் சீட்டுகள் உரையை மறைக்கின்றன என்று கொண்டுவருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒரு பெட்டி சரியாக அமைந்ததும் அது நிற்கும் வரிப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் எஃப் 3 அழுத்தி ஆட்டோடெக்ஸ்டாகச் சேமியுங்கள். அடுத்த முறை சுருக்கத்தைத் தட்டி எஃப் 3 அழுத்தினால் பெட்டி வரும். உள்ளே மதிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

7. கைகளையும் மேசையையும் காட்டுதல்

ஒருவர் கையிலிருக்கும் சீட்டுகளை உரையில் காட்ட இனத்துக்கு ஒரு வரி கொடுங்கள். வரிசை ♠ ♥ ♣ ♦. கருப்பு, சிவப்பு, கருப்பு, சிவப்பு என்று மாறி மாறி வருவதால் பக்கத்து இனங்கள் குழம்பாது. உதாரணத்துக்கு ஒரு கை:

♠ ஜே 9
♥ ஏ 10 7
♣ கே 8
♦ ஜே

மதிப்புகளை எந்த வரிசையில் எழுதுவது என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. ரம்மிக்கு வழக்கமான வரிசை. 28இல் ஜாக்கிதான் பெரிது. அதன் பின் ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. மேலே ஜேக்கு அடுத்து 9 எழுதியிருப்பது அதனால்தான். வேறு ஆட்டங்களின் பழக்கத்தில் ஏஸிலிருந்து தொடங்கி எழுதிய கையேடு, ஆட்டத்தின் அடிப்படையையே தவறாகப் பதிய வைத்துவிடும்.

நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையைக் காட்ட மூன்று வரிசை, மூன்று நிரல் கொண்ட அட்டவணை போதும். மேல் நடு, இடது நடு, வலது நடு, கீழ் நடு ஆகிய நான்கு கட்டங்களில் கைகள். மையத்தில் மேசையில் விழுந்த சீட்டுகள். நான்கு மூலைகளும் வெறுமை. படிப்பவரின் கை எப்போதும் கீழே. எதிரே கூட்டாளி. 28 ஆட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் கீழே இருப்பவருக்கு அடுத்த முறை பக்கத்தின் வலதில் இருப்பவருடையது. ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

இந்தப் படங்களில் வரும் தவறு பெரும்பாலும் வடிவமைப்பில் இல்லை. ஒரே சீட்டு இரண்டு பேர் கையில் இருக்கும்! அழகாகக் கோத்த பக்கத்தில் கிளாவர் எட்டு இரண்டு முறை வந்தால், கற்பவர் அந்தப் பாடத்தை அப்படியே மூடிவிடுவார். 28இல் இதைப் பிடிக்க நல்ல வழி இருக்கிறது. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு கைகளின் புள்ளிகளையும் கூட்டினால் சரியாக 28 வர வேண்டும். மேலே காட்டிய கையில் எட்டுச் சீட்டு, 10 புள்ளி; ஆக மற்ற மூவரிடமும் சேர்ந்து 18 இருக்க வேண்டும். புள்ளியில்லாத ராஜா, ராணி, எட்டு, ஏழு இந்தக் கணக்கில் சிக்காது. அவற்றுக்கு 32 சீட்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவதுதான் வழி. ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்தேன். மூன்று படங்களில் பிழை கிடைத்தது.

சீட்டுகளை விசிறி போல விரித்துக் காட்ட எல்லோருக்கும் ஆசை. ரைட்டரின் உரைச் சட்டம் சுழலாது, டிராவில் வரைந்து படமாகக் கொண்டுவர வேண்டும். அட்டைப்படத்துக்கு மட்டும் அந்த உழைப்பைக் கொடுங்கள். உள்ளே, சீட்டுகளை நேராக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் போதும். 20 மில்லிமீட்டர் சீட்டில் இடது ஓரம் 6 மில்லிமீட்டர் தெரியும்படி அடுக்கினால் எட்டுச் சீட்டுக்கு 62 மில்லிமீட்டர், பதின்மூன்று சீட்டுக்கு 92 மில்லிமீட்டர் ஆகும். ஏ5 பக்கத்தில் தாராளமாக நிற்கும். அந்த 6 மில்லிமீட்டருக்குள் 10 என்ற இரண்டிலக்கம் அடங்குகிறதா என்பதை மட்டும் முதலில் சோதியுங்கள். அது அடங்கினால் மற்ற எல்லாம் அடங்கும்.

8. முழு அளவுச் சீட்டு

டிராவில் 63க்கு 88 என்று ஒரு செவ்வகம் வரையுங்கள், மூலைகளுக்கு 3 மில்லிமீட்டர் வளைவு. இடது மேல் மூலையில் மதிப்பும் அதன் கீழே இனக் குறியும். அந்தச் சோடியை ஒன்றாகக் கட்டி, நகலெடுத்து, 180 பாகை சுழற்றி வலது கீழ் மூலையில் வையுங்கள். இடமும் வலமும் புரட்டிய பிம்பமாக வைக்கக் கூடாது, சுழற்றத்தான் வேண்டும். 2, 5, 7 போன்ற எண்கள் பிம்பத்தில் இடம் வலமாக மாறிக் கெட்டுவிடும்.

நடுவில் வரும் குறிகளின் இடங்களைக் கண்ணால் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். எஃப் 4 பெட்டியில் அளவு கொடுங்கள். அந்தப் பெட்டியில் ஆதாரப் புள்ளியாக மையத்தைத் தேர்ந்தெடுத்த பின்பே எண்களைத் தட்ட வேண்டும். இல்லையென்றால் எண்கள் குறியின் மேல் இடது மூலையைக் குறிக்கும், எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும்.

சீட்டின் இடது மேல் மூலையைப் பூஜ்யமாகக் கொண்டால், நான் வைக்கும் மூன்று நிரல்கள் இடமிருந்து 19, 31.5, 44 மில்லிமீட்டரில். மேலிருந்து முதல் குறி 16இல், நடுக் குறி 44இல், கடைசிக் குறி 72இல். ஆறுக்கு இரண்டு பக்க நிரல்களிலும் இந்த மூன்று உயரங்கள். ஏழுக்கு ஆறின் மீது நடு நிரலில் 30இல் ஒரு குறி கூடுதல். எட்டுக்கு 30, 58 என இரண்டு. ஒன்பதுக்கும் பத்துக்கும் பக்க நிரல்களில் நான்கு உயரங்கள்: 16, 34.7, 53.3, 72. ஒன்பதுக்கு மையத்தில் ஒன்று. பத்துக்கு நடு நிரலில் 25.3, 62.7 என இரண்டு.

சீட்டின் கீழ்ப்பாதியில் வரும் குறிகளைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். நட்டநடு உயரத்தில் இருப்பவை நிமிர்ந்தே இருக்கும். 28க்கு ஏழு முதல் பத்து வரையே போதும் என்பதால் வேலை குறைவு.

ராஜா, ராணி, ஜாக்கிக்கு ஓவியம் வரைய முயன்று பலர் வேலையையே கைவிடுகிறார்கள். பெரிய எழுத்து ஒன்றும் அதன் கீழே பெரிய இனக் குறியும் போதும். விற்பனைக்கு உள்ள கட்டை ஸ்கேன் செய்து வைக்காதீர்கள், அந்த ஓவியம் இன்னொருவருடைய உழைப்பு.

எல்லாம் சரியானதும் ஒரு நகலில் எழுத்துகளை வளைவுகளாக மாற்றிவிடுங்கள். அதன் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துரு மாறாது. மாற்றாத மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள், வளைவான எழுத்தைத் திருத்த முடியாது.

9. அச்சுக்குக் கொடுத்தல்

ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சீட்டுகள் அடங்கும்: அகலத்தில் 189, உயரத்தில் 264 மில்லிமீட்டர். பக்கவாட்டில் 10.5, மேலும் கீழும் 16.5 மீதி இருக்கும். 32 சீட்டுக்கு நான்கு தாள்கள். மிஞ்சும் நான்கு இடங்களில் புள்ளிக் கணக்கையும் சீட்டு வரிசையையும் அச்சிட்டுக் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

பின்பக்கத்துக்கு ஓரம் வரை நிறம் அடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் அச்சாவது அரிது. சுற்றிலும் 4 மில்லிமீட்டர் வெள்ளை விட்டால் வெட்டில் ஏற்படும் பிசகு கண்ணை உறுத்தாது. பின்பக்கக் கோலம் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாலிருந்தே சீட்டை அடையாளம் கண்டுவிடலாம்.

அட்டைக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் கார்டு வாங்கினேன். அங்கே போகும்போது வீட்டிலிருக்கும் ஒரு சீட்டை எடுத்துப் போங்கள், விரலுக்கிடையில் வளைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். கையேடு நடுவே தைக்கப்படும் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்.

கடைக்கு ரைட்டர் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள், பிடிஎஃப் மட்டும். எழுத்துருக்கள் அதற்குள்ளேயே பதிந்து போகும். கடையில் அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் எல்லாம் சில விழுக்காடு சுருங்கிவிடும். உண்மையான அளவு என்று மாற்றச் சொல்லுங்கள். முதல் தாள் வெளியே வந்ததும் அளவுகோலை வைத்து ஒரு சீட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 63 என்றால் மீதியை ஓட்டச் சொல்லலாம். 61 என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.